எந்தத் தாளில் வைப்பது முனிரத்தினத்தை?

முனிரத்தினம் அண்ணா இறந்த செய்தி வந்தபோது நான் அடுத்த ஆண்டுக் காலண்டரின் அக்டோபர் தாள்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய அக்கா மகள் பேசினாள். "ஆன்ட்டி, மாமா பூட்டாரு ஆன்ட்டி" என்றாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "செப்டம்பர் ப்ரூஃப் பாத்து முடிச்சுட்டாராம்மா?" என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ப்ரூஃப் கட்டையும் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தார், அந்த ஞாபகம்.  "பாத்துட்டாரு ஆன்ட்டி. பை என்கிட்டதான் கீது" என்றாள். போனை வைத்த பிறகுதான் அவள் சொன்னது எனக்குள் இறங்கியது. வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சித்தூரில் எங்கள் அச்சகத்தில் என்னோடு இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். தமிழும் தெலுங்குமாக இரண்டு மொழியிலும் பிழை திருத்துவார். உங்கள் வீட்டிலோ கடையிலோ எங்கள் தினசரிக் காலண்டர் தொங்கினால், ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் இரண்டு வரி பார்த்திருப்பீர்கள். 'இன்று பிறந்தவர்', 'இன்று மறைந்தவர்'. அந்த இரண்டு வரியும் அவர் கைவேலை. அவர் பெயரையும் வரும் ஆண்டுக் காலண்டரில் ஒரு தாளில் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எந்தத் தாளில் என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையே அதைக் கேட்கத்தான். நடுவில் வேறொன்று நடந்து எனக்கே தலைகால் புரியாமல் போய்விட்டது, அதையும் சொல்கிறேன்.

அவர் வேலை செய்யும் விதமே தனி. வீணாகிப்போன ஆர்ட் பேப்பரை வெட்டி, பசை தடவி, நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தாறு கவர் செய்து வைத்திருந்தார். விஞ்ஞானி, பாடகர், மந்திரி, சாமியார், யாராக இருந்தாலும் ஆளுக்கு இரண்டு அட்டை. பிறந்த நாள் கவரில் ஒன்று, இறந்த நாள் கவரில் ஒன்று. இன்டர்நெட் வந்த பிறகும் அவர் கவரை விடவில்லை. "ஒருத்தன் தப்பாப் போட்டா நூறு பேரு அதையே காப்பி அடிக்கிறான், அது நூறு சாட்சி ஆவுமா?" என்பார். பிப்ரவரி இருபத்தொன்பது கவரை எடுக்கும்போது மட்டும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "பாவம்மா இவங்கெல்லாம். நாலு வருஷத்துக்கு ஒரு தபாதான் நாம கதவத் தொறக்கறோம்" என்று ஒருமுறை சொன்னார். செத்துப்போன பெரிய மனிதர்களுக்காக இப்படி உருகுகிற ஆள், பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்கு ஜலதோஷம் என்றால் ஒரு மாத்திரை வேண்டுமா என்று கேட்டதில்லை.

ஆரம்பத்தில் அவரும் சொன்னதை நம்புகிற ஆளாகத்தான் இருந்தார். அதைக் கெடுத்தது குடுபல்லிப் பொன்னுசாமி. பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர், சுற்றுப்பட்டில் பெயர் பெற்ற கலைஞர். எங்கள் அச்சகத்துக்குக் காலண்டர் ஆர்டர் பிடிக்க மதுரைப் பக்கத்திலிருந்து ஒருவர் புதிதாக வந்திருந்தார். குப்பம் பக்கம் பஸ்ஸில் போனவர், தரையில் மாலையோடு ஒரு ஆள் கிடப்பதையும், சுற்றிலும் பெண்கள் தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதையும் பார்த்திருக்கிறார். யார் என்று விசாரித்ததற்கு, அழுதுகொண்டே ஒரு அம்மாள் பொன்னுசாமி பெயரைச் சொல்லியிருக்கிறார். இவர் தேதியோடு வந்து அண்ணாவிடம் சொல்லிவிட்டார். நம் பக்கத்து ஆளாக இருந்தால் பதினெட்டாம் நாள் படுகளம், கூத்தில் துரியோதனன் சாகிற நாள் என்று சிரித்துக்கொண்டு போயிருப்பார். அண்ணாவாவது, என்ன மாதம், பாரதம் எங்கே நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வருஷக் காலண்டரில் பொன்னுசாமி 'இன்று மறைந்தவர்' ஆகிவிட்டார்.

அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பொன்னுசாமியே நேரில் வந்து நின்றார். ஆறடி ஆள், மீசை. "யாருப்பா இங்க என்னைக் கொன்னது?" என்று கேட்டார். நான் பயந்துபோய் அண்ணாவைக் காட்டிவிட்டேன். அண்ணா எழுந்து நின்று கும்பிட்டார். பொன்னுசாமி சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் வருசா வருசம் சாவறவன்தான். ஆனா வேசத்தக் கலைச்சுட்டு ஊட்டுக்குப் போய் சோறு துன்றவன். நீ எழுந்திரிக்கவே உடாம அச்சுல போட்டுட்டியே. பெங்களூர்ல இருக்கற என் பொண்ணு தாளப் பாத்துட்டு ரோட்டுல உழுந்து அழுதுக்கினு இருந்துச்சாம்" என்றார். அண்ணா அன்றைக்கே அவரோடு பஸ் ஏறிக் குடுபல்லிக்குப் போனார். எங்கள் காலண்டர் மாட்டியிருந்த கடை கடையாக ஏறி இறங்கி, அந்த ஒரு தாளைத் தேடித் தேடி, பேனாவால் அடித்துவிட்டு வந்தார். மூன்று நாள் ஆயிற்று. முதலாளி கத்தினார். 

அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. நேரில் இருந்த இரண்டு பேர் தனித்தனியாக ஒரே தேதியைச் சொன்னால்தான் உள்ளூர் ஆள் யாரும் கவருக்குள் போகலாம். அச்சில் வந்ததெல்லாம் சாட்சி இல்லை. "அச்சுல வர்றது எப்டின்னு நமக்குத் தெரியாதாம்மா? நாமதான அடிக்கிறோம்" என்பார். வடமாலபேட்டையில் ஒரு வாத்தியார் இறந்து, ஊரே திரண்டு ஊர்வலம் போனது. அப்போதும் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் இந்த மனிதர். எனக்கு எரிச்சலாக வரும். "பொணத்துக்கே நாள் கேப்பியா அண்ணா?" என்று திட்டினேன். "அதால சொல்ல முடியலன்னுதாம்மா மத்தவங்களக் கேக்கறேன்" என்றார்.

இத்தனை பேருக்கு நாள் பார்த்துக் கொடுத்தவருக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. சான்றிதழில் ஜூலை ஒன்று. எனக்கும் ஜூலை ஒன்று. எங்கள் வயதில் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனவர்களுக்கு நாள் தெரியாது, தலைமை ஆசிரியர் தனக்கு வசதியாக ஒரு தேதியை எழுதிக்கொள்வார், அதுவே ஆதார் வரைக்கும் வந்துவிட்டது. ஜூலை ஒன்று காலையில் அண்ணா உள்ளே நுழையும்போதே, "இன்னிக்கு சித்தூர்ல பாதி ஊருக்குப் பொறந்த நாளுடோய்" என்று கத்துவார். மிஷின்மேன், பைண்டிங் பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் என் கதை சிரிக்கிற கதை இல்லை. பங்காருபாளையம் பக்கத்தில் நான் பிறந்த அன்றைக்கே அம்மா இறந்துவிட்டாள். நைனா, அதாவது அப்பா, மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். சில வாரம் கழித்து என்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து சித்தூரில் அத்தையிடம் கொடுத்தார். மாங்காய் சீசன் என்பதைத் தவிர அவர் எதுவும் சொன்னதில்லை. நான் மூன்றாவது படிக்கும்போது அவரும் போய்விட்டார். அம்மாவுக்கு வருஷத்தில் ஒரு நாள் விளக்கு வைக்கத் தேதி இல்லாமல், மகாளய அமாவாசையில் எல்லாருக்கும் பொதுவாக வைக்கிற படையலில்தான் அவளையும் சேர்த்துக்கொள்வேன். ஒருநாள் ஒரு பையன், வேலைக்குப் போகிற வயது, தன் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு சுவரொட்டி அடிக்க வந்தான். தேதியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னான். போட்டேன், இன்னும் பெரிதாக என்றான், போட்டேன். திடீரென்று என்னால் தாங்க முடியவில்லை. அவன் போன பிறகு, "எங்க அம்மாவுக்குப் போடறதுக்கு ஒரு தேதி இல்லியே அண்ணா" என்று அழுதுவிட்டேன். முனிரத்தினம் அண்ணா தலையே நிமிரவில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, எந்த ஊர், எந்த மண்டி என்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு ப்ரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தார். கல் நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் திட்டினேன். ஒரு வாரம் பேசவும் இல்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பதுகூடத் தெரியாது.

காரியம் முடிந்த பிறகு முதலாளியிடம் போய், அண்ணா பெயரை ஒரு தாளில் போடலாமா என்று கேட்டேன். "ஆயன பெத்த மனிஷாம்மா?" என்றார். அவர் என்ன பெரிய மனிதரா என்று கேட்கிறார். நான் இடத்தை விட்டு நகரவில்லை.  "சரேம்மா, ஒக்க வரி, ஒரே வரி போடு. ஆனா செத்த நாள் வேணாம். கடைக்காரங்க கல்லாப்பெட்டி மேல மாட்டறாங்க, நம்ம ஆளு செத்தத அங்க போய் ஏன் சொல்லணும்? பொறந்த நாள் போட்டுக்கோ" என்றார். ஜூலை ஒன்றில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கை வரவில்லை. அந்தப் பொய்த் தேதியை வைத்துச் சிரித்தவரை அதிலேயே கொண்டுபோய் அடைப்பதா?

நகரிக்குப் போனேன். அவருடைய அக்கா தேவகியம்மா வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். "முனி பொறந்தது திருப்பதிலம்மா. கங்கம்மா ஜாத்திரை நடந்துக்கினு இருந்துச்சு, அதுல நாளுக்கு ஒரு வேசம் கட்டுவாங்க. மாதங்கி வேசம் போட்ட நாளு. எனக்கு நல்லா ஞாபகம் கீது, எங்க மாமா அந்த வேசத்தோட வந்துதான் கொழந்தயப் பாத்தாரு" என்றார்.  ஒரு சாட்சி ஆயிற்று. உள்ளே படுத்திருந்த அவர்களுடைய சித்தியைக் கேட்டோம். "மாதங்கி இல்லடி. தொர வேசம். கோட்டுப் போட்டுக்கினு வந்தான் உங்க மாமன்" என்றார் கிழவி. தேவகியம்மா தறியை நிறுத்தினார், இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். வருஷமாவது எது என்று கேட்டேன். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து மூன்று வருஷம் சொன்னார்கள். ஜாத்திரையோ வருஷத்துக்கு ஒரு தேதியில் வருகிறது. அண்ணாவும் இதே சண்டையைப் பலமுறை கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து போனவர்தானாம்.

புறப்படும்போது தேவகியம்மா ஒரு பெட்டியைக் கொடுத்தார். "உங்க ஆபீஸ் சாமான்னு நெனைக்கிறேன்" என்றார். எங்கள் முந்நூற்று அறுபத்தாறு கவரும் அச்சகத்தில்தான் இருக்கின்றன, இது வேறு. பஸ்ஸில் மடியில் வைத்துத் திறந்தேன். அதேபோலக் கவர்கள், ஆனால் கொஞ்சம்தான், மேலே தேதி இல்லாமல். உள்ளே இருந்த அட்டைகளில் விஞ்ஞானியும் இல்லை, மந்திரியும் இல்லை. எங்கள் மிஷின்மேன் பெயர். பைண்டிங்கில் இருக்கும் லட்சுமி பெயர். டீ கொண்டுவரும் மஸ்தான் பாய் பெயர். ஜூலை ஒன்றாம் தேதிக்காரர்கள் ஒருவர் விடாமல். சிலதில் ஒரு சாட்சி, சிலதில் ஒன்றும் இல்லை. எதுவும் முடியவில்லை. என் பெயரில் ஒரு அட்டை இருந்தது.

அதை இன்னும் வார்த்தை வார்த்தையாகச் சொல்ல முடியும். 'வசந்தா. பிறப்பு' என்று போட்டு ஒரு தேதி. அதன் கீழே 'வசந்தாவின் தாயார். மறைவு' என்று போட்டு அதே தேதி. 'முதல் சாட்சி: கோவிந்தசாமி, மண்டியில் எடை போட்டவர். தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்கிறார். கல்யாணப் பத்திரிகை காட்டினார். பத்திரிகை சாட்சி ஆகாது. பத்திரிகையில் போட்ட தேதியில் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு.' அதற்கும் கீழே 'இரண்டாவது சாட்சி' என்று எழுதி, கோடு போட்டு, காலியாக விட்டிருந்தார். எத்தனை வருஷத்துக்கு முன்னால் எழுதியதோ, மை பழுப்பேறிப் போயிருந்தது. என் இடத்தைக் கடந்து பஸ் போய்விட்டது. கண்டக்டர் வந்து எழுப்புவதுபோலத் தோளைத் தட்டினான். நான் தூங்கவில்லை.

அழுதேனா, கோபப்பட்டேனா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமாக என் அம்மாவின் நாளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் அடித்ததில் கமா விட்டுப்போனதைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சரியோ தப்போ, ஒரு விளக்கு வைத்திருப்பேனே. ஊருக்கெல்லாம் வைத்த சட்டத்தை என்னிடமும் வைக்க வேண்டுமா? உயிரோடு இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். அடுத்த நிமிஷமே, எனக்காக இந்த மனிதர் யார் யார் வீட்டு வாசலில் போய் நின்றாரோ என்று நினைப்பு வருகிறது. இப்படியே மாறி மாறி ஒரு வாரம் போயிற்று. இரண்டு தாளில் அமாவாசையைப் பௌர்ணமி என்று அடித்துவிட்டேன். பார்த்துத் திருத்த ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பங்காருபாளையம் போய்க் கோவிந்தசாமியைத் தேடிப் பிடித்தேன். மண்டிக்குப் பின்னால் மகன் வீட்டில் இருக்கிறார். பெயரைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அந்தப் புள்ள? உக்காரும்மா. உங்க நைனா என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டுக்கினு இருந்தான். யாரோ வந்து கூப்ட்டாங்க. கையில இருந்த கடப்பாறையக்கூட வைக்கல, அப்டியே ஓடினான். நானும் பின்னாடியே ஓடினேன். நாங்க போறதுக்குள்ள உங்க அம்மா கண்ண மூடிட்டுச்சு. நீ கத்திக்கினு இருந்த" என்றார். கல்யாணம் சொன்ன தேதியில் நடந்ததா என்று கேட்டேன். "நடக்காம? மறுநா காலைல தாலி கட்டினேன். உங்க நைனா வரல. அவ்ளோதான்" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "அந்த பிரஸ்காரரு மூணு தபா வந்தாரும்மா. இதே கேள்விதான் அவரும் கேட்டாரு. வேற யாரு அங்க இருந்தாங்க, வேற யாருன்னு நச்சரிச்சுக்கினே இருந்தாரு. மருத்துவச்சி இருந்தா, பூட்டா. உங்க பக்கத்தூட்டு அம்மா இருந்துச்சு, அதுவும் பூட்டுச்சு. அந்தப் புள்ளயத் தவுர இப்ப யாரும் இல்ல சாமின்னு சொல்லி அனுப்பினேன்."

ஆகவே, முனிரத்தினத்தைத் தெரிந்தவர்களே, உங்களிடம் கேட்கிறேன். திருப்பதியில் அவர் பிறந்தபோது அந்த வீட்டுப் பக்கம் இருந்தவர்கள், அவர் மாமா என்ன வேஷத்தில் வந்தார் என்று பார்த்தவர்கள், யாராவது இருந்தால் சொல்லுங்கள். மாதங்கியா, தொரையா? எந்த வருஷம்? அச்சுக்குப் போக இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் தெரியாவிட்டால் இந்த வருஷம் அவர் பெயர் இல்லாமல்தான் காலண்டர் வரும். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் தெரியாத தேதியில் அவரைப் போட மாட்டேன். அந்த வேலையை நான் செய்தால், குடுபல்லியில் கடை கடையாக ஏறி இறங்கியதற்கு என்ன அர்த்தம்?

அவருடைய மூக்குக் கண்ணாடியைத் தேவகியம்மா வைத்துக்கொண்டார். சிவப்புப் பேனாவை மிஷின்மேன் கேட்டு வாங்கிக்கொண்டான். எனக்கு அந்த ஒரு அட்டை போதும். நல்ல மனிதர் என்று எழுதிவைக்கவா, அழுத்தக்காரர் என்று எழுதிவைக்கவா என்று இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மாவுக்கு அந்த நாளில் விளக்கு வைத்துவிட்டு, பட்டினி இருப்பதா பாயசம் வைப்பதா என்பதும் எனக்குத் தெரியவில்லை. நேற்று அந்த அட்டையை எடுத்து, ப்ரூஃப் பார்க்கும் மேஜையில் வைத்து, நீலப் பேனாவால் இரண்டாவது சாட்சி என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அன்றைக்கு நானும் அங்கேதானே இருந்தேன்.